செல்ஃப் எடுக்குது, வண்டி பிடிக்கல: கரண்ட் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி

ஒரு நவம்பரில் ஊருக்குப் போய்விட்டு ஒன்பது நாள் கழித்துத் தாம்பரத்துக்குத் திரும்பினோம். மறுநாள் காலை காரை எடுக்கப் போனேன். சாவியைத் திருப்பியதும் செல்ஃப் நன்றாகவே எடுத்தது. என்ஜின் சுற்றும் சத்தமும் கேட்டது. ஆனால் பிடிக்கவில்லை. ஐந்தாறு முறை முயன்றேன். எதிர்வீட்டுக்காரர், "பெட்ரோல் இருக்கா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அரை டேங்க் இருந்தது.

பக்கத்துப் பட்டறையில் பார்த்து, பிளக்கில் கரண்ட் வரவில்லை என்றார்கள். அதுவரை சரி. அதற்கு மேல் நடந்ததுதான் கொடுமை. நாலு பிளக் 800, பிளக் வயர் செட் 1,200, இக்னிஷன் காயில் 4,600, கூலி 800. மொத்தம் 7,400 ரூபாய் கொடுத்த பிறகும் வண்டி அப்படியே நின்றது. "அப்ப இசிஎம்தான் சார். பதினெட்டாயிரம் ஆகும்" என்றார்கள். இசிஎம் என்பது என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி. அன்று மாலை நண்பர் ஒருவர் மூலமாக வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்தார். ஒரு டெஸ்ட் லேம்ப், ஒரு மல்டிமீட்டர், நாற்பது நிமிஷம். என்ஜின் சுற்றுவதை இசிஎம்முக்குச் சொல்லும் கிராங்க் சென்சாருக்குப் போகும் வயரை எலி கடித்திருந்தது. அவர் வாங்கிய கூலி 600 ரூபாய்.

அவர் செய்ததை பக்கத்தில் நின்று பார்த்தேன், கேள்வி கேட்டு நச்சரித்தேன். பிறகு இரண்டு நண்பர்களின் வண்டியில் நானே செய்தும் பார்த்தேன். அந்த வரிசையைத்தான் இங்கே தருகிறேன். பெட்ரோல் வண்டிக்கு மட்டுமே இது பொருந்தும். டீசலில் ஸ்பார்க்கே கிடையாது.

வேலையை ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயம் மட்டும் மனதில் இருக்கட்டும். பேட்டரியில் இருந்து பியூஸ், ரிலே வழியாகக் காயிலுக்கு 12 வோல்ட் வருகிறது. காயிலின் இன்னொரு முனையை இசிஎம் (பழைய வண்டியில் பாயிண்ட் என்ற சின்ன சுவிட்ச்) எர்த்தோடு சேர்த்துச் சேர்த்து விடுகிறது. விடும் அந்த நொடியில் காயிலில் 20,000 வோல்ட்டுக்கு மேல் எழும்பி, வயர் வழியாகப் பிளக்கில் குதிக்கிறது. எப்போது விட வேண்டும் என்று இசிஎம்முக்குச் சொல்வது கிராங்க் சென்சார். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் வெளியே தெரிவது ஒரே அறிகுறிதான். எங்கே அறுந்திருக்கிறது என்று தெரிவதற்கு முன் எதையும் வாங்காதீர்கள்.

1. உங்கள் வண்டி எந்த ரகம்?

பானெட்டைத் திறந்து பிளக் இருக்கும் இடத்தைப் பாருங்கள். நாலு தடி வயரும் ஒரு வட்ட மூடியில் போய்ச் சேர்ந்தால் அது டெல்கோ (ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வைத்துக் கரண்டைப் பிரிக்கும் டிஸ்ட்ரிபியூட்டர்) வண்டி. அம்பாசடர், பிரீமியர் பத்மினி காலத்து வண்டிகள் எல்லாம் இந்த ரகம். நாலு வயரும் ஒரு கறுப்புப் பெட்டியில் செருகியிருந்தால் காயில் பேக். என் வண்டி அதுதான். வயரே கண்ணில் படாமல், ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு கப்ளரோடு (வயரை இணைக்கும் செருகி) சின்ன காயில் உட்கார்ந்திருந்தால், பிளக்குக்கு ஒரு காயில் ரகம். இப்போது வரும் கார்களில் பெரும்பாலும் இதுதான்.

இதைத் தெரிந்துகொண்டாலே பாதிப் பொய்யைத் தள்ளிவிடலாம். என் காயில் பேக்கின் உள்ளே இருப்பது இரண்டு காயில். ஒவ்வொன்றும் இரண்டு சிலிண்டருக்குக் கரண்ட் கொடுக்கும். ஒன்று போனால் வண்டி இரண்டு சிலிண்டரில் முக்கி முனகும், அல்லது அங்கொன்றும் இங்கொன்றுமாக வெடித்துப் பார்க்கும். நாலு பிளக்கிலும் துளி ஸ்பார்க் இல்லை என்றால், இரண்டு காயிலும் ஒரே ராத்திரியில் செத்துப்போயிருக்க வேண்டும். அப்படி நடப்பது அபூர்வம். அந்தப் பெரியவர் கேட்ட முதல் கேள்வியே இதுதான்: "நாலும் ஒண்ணாவா சார் சாகும்?" எனக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது.

2. கையில் என்ன வேண்டும்

மல்டிமீட்டர் 300 முதல் 500 ரூபாய். பல்பு வைத்த 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப் எந்த ஆட்டோ எலக்ட்ரிகல் கடையிலும் 100, 150க்குக் கிடைக்கும். பிளக் கழற்ற பாக்ஸ் ஸ்பேனர். சோதனைக்காகவே ஒரு நல்ல பழைய பிளக். பட்டறையில் கேட்டால் சும்மாவே தருவார்கள். வண்டியில் ஓபிடி சாக்கெட் (பழுதைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டும் இடம்) இருந்தால், போனோடு ப்ளூடூத்தில் சேரும் சின்ன ஸ்கேனர் ஒன்று. 700 ரூபாய்க்கு நான் வாங்கியது இன்றும் வேலை செய்கிறது. எல்லாம் சேர்த்து 1,500க்குள் முடியும். கூடவே செல்ஃப் அடிக்க ஒரு ஆள் வேண்டும். தனியாகச் செய்யாதீர்கள்.

வண்டியின் கையேட்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பியூஸ் எதற்கு என்ற அட்டவணை அதில் இருக்கும். கையேடு தொலைந்திருந்தால் பியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கத்தைப் பாருங்கள்.

எச்சரிக்கைகளும் உண்டு. அந்த 20,000 வோல்ட் ஆளைத் தூக்கி அடிக்கும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர் பானெட் பக்கமே வரக்கூடாது. மூடிய ஷெட்டுக்குள் செய்யாதீர்கள், பெட்ரோல் ஆவி தேங்கும். செல்ஃபை ஒரே மூச்சில் பத்து விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள்; நடுவே அரை நிமிஷம், ஒரு நிமிஷம் விடுங்கள். இல்லாவிட்டால் பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் சேர்ந்து போகும்.

3. சாவி, பேட்டரி, பியூஸ்

பத்து நிமிஷ வேலைதான். ஆனால் இதைத் தாண்டிக் குதித்துவிட்டுப் பின்னால் தலையில் அடித்துக்கொள்பவர்கள்தான் அதிகம்.

சுவிட்சைப் போட்டதும் டேஷ்போர்டில் சாவிப் படம் அல்லது பூட்டுப் படம் விடாமல் மின்னுகிறதா? அப்படியென்றால் இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கும் எலக்ட்ரானிக் பூட்டு) சாவியை அடையாளம் காணவில்லை. சில வண்டிகளில் அது செல்ஃபையே தடுக்கும். சில வண்டிகளில் செல்ஃபை விட்டுவிட்டு ஸ்பார்க்கையும் பெட்ரோலையும் மட்டும் நிறுத்திவிடும். இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்கள். சாவிக்கொத்தில் இன்னொரு வண்டிச் சாவி தொங்கினால் அதைக் கழற்றிவிட்டும் ஒருமுறை பாருங்கள்.

அதேபோல, என்ஜின் செக் விளக்கு சுவிட்ச் போட்டதும் எரிய வேண்டும். எரியவே இல்லை என்றால் அநேகமாக இசிஎம்முக்கே கரண்ட் போகவில்லை. நேராகப் பியூஸுக்கும் மெயின் ரிலேவுக்கும் போங்கள்.

பேட்டரியைச் சும்மா இருக்கும்போது அளந்தால் 12.6 வோல்ட் முழு சார்ஜ், 12.2 பாதி. முக்கியமானது செல்ஃப் அடிக்கும்போது வரும் அளவு. அது 9.6க்குக் கீழே விழுந்தால் செல்ஃப் சுற்றும், ஆனால் இசிஎம் ஒழுங்காக வேலை செய்யாமல் போகலாம். அப்போது முதலில் பேட்டரியைச் சார்ஜ் செய்துவிட்டு மற்றதைப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போதே மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையை என்ஜின் இரும்பிலும் வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டை துருப்பிடித்திருக்கிறது. கடற்கரைப் பக்கம் நிற்கும் வண்டிகளில் இதைச் சாதாரணமாகப் பார்க்கலாம்.

பியூஸைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சுவிட்சைப் போட்டு, பியூஸின் தலையில் தெரியும் இரண்டு புள்ளியிலும் டெஸ்ட் லேம்பை வையுங்கள். இரண்டிலும் எரிந்தால் நல்ல பியூஸ். ஒன்றில் மட்டும் எரிந்தால் போனது. ரிலேவில் சந்தேகம் வந்தால், அதே எண் போட்ட ஹார்ன் ரிலேவைப் பிடுங்கி மாற்றிப் பாருங்கள். செலவே இல்லாத சோதனை.

வெளியே போட்ட சென்ட்ரல் லாக், அலாரம், என்ஜினைத் தூரத்தில் இருந்து நிறுத்தும் ஜிபிஎஸ், எல்பிஜி அல்லது சிஎன்ஜி கிட் இவற்றில் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் முதல் சந்தேகம் அங்கேதான். இவை எல்லாம் இக்னிஷன் வயரையோ சென்சார் வயரையோ வெட்டி நடுவில் செருகப்படுபவை. அந்த ஒட்டு இடத்தில் டேப் உரிந்து, செம்பு பச்சையாகியிருக்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய டிராவல்ஸ் வண்டியாக இருந்தால் டேஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டு, கம்பெனி வயரோடு சேராத கறுப்பு டேப் சுற்றிய முடிச்சு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

4. ஒரு பிளக்கைக் கழற்றி முகர்ந்து பாருங்கள்

அடுத்து எங்கே தேட வேண்டும் என்று இந்த ஒரு பிளக்கே சொல்லிவிடும். எட்டுப் பத்து விநாடி செல்ஃப் அடித்த பிறகு ஒரு பிளக்கைக் கழற்றுங்கள்.

பிளக் ஈரமாக, பெட்ரோல் வாசனையோடு வந்தால் இன்ஜெக்டர் பெட்ரோலை அடிக்கிறது. அதாவது என்ஜின் சுற்றுவது இசிஎம்முக்குத் தெரிந்திருக்கிறது, கிராங்க் சென்சார் அநேகமாகப் பிழைத்திருக்கிறது. தேட வேண்டியது காயில், அதற்கு வரும் கரண்ட், பிளக் வயர் பக்கம்.

பிளக் காய்ந்து வந்தால் பெட்ரோல் வரவில்லை. அடுத்த சோதனையில் ஸ்பார்க்கும் இல்லை என்றால், இரண்டுக்கும் பொதுவாக இருப்பவை மூன்றுதான்: இசிஎம்முக்குப் போகும் கரண்ட், இம்மொபிலைசர், கிராங்க் சென்சார். காயிலைத் தொடவே வேண்டாம். என் வண்டியில் பட்டறைக்காரர் கழற்றிய நாலு பிளக்கும் காய்ந்துதான் இருந்தன. பழைய பிளக்கை என் கையில் கொடுத்து, "பாருங்க சார், எவ்வளவு கறுப்பு" என்று காட்டினார். கறுப்பைப் பார்த்தோமே தவிர, ஈரம் இல்லை என்பதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

கார்புரேட்டர் வண்டிக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே பெட்ரோலுக்கும் கிராங்க் சென்சாருக்கும் சம்பந்தமே இல்லை.

5. ஸ்பார்க் சோதனை

பிளக் சோதனை முடிந்ததும் பெட்ரோல் பம்ப் ரிலேவையோ பியூஸையோ பிடுங்கிவிடுங்கள். சிலிண்டர் பெட்ரோலில் மூழ்காது, எரியாத பெட்ரோல் போய் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கெடுக்காது. ஆனால் சில வண்டிகளில் பம்பும் இசிஎம்மும் ஒரே பியூஸில் இருக்கும். அதைப் பிடுங்கினால் இருந்த ஸ்பார்க்கும் போய், இல்லாத வியாதியைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். அப்படிப்பட்ட வண்டியில் பம்ப் ரிலேவை மட்டும் எடுங்கள். பிடுங்கிய பிறகும் என்ஜின் செக் விளக்கு எரிகிறதா என்று ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

கழற்றிய பிளக்கை அதன் குழியிலேயே திரும்பப் போட்டு முறுக்குங்கள். திறந்த குழியில் இருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சி அடிக்கும். அதன் பக்கத்தில் ஸ்பார்க் பொறி விழுந்தால் தீப்பிடிக்கும். சோதனைக்கு அந்தப் பழைய பிளக்கை எடுத்து பிளக் வயரில் (பிளக்குக்கு ஒரு காயில் ரகத்தில் அந்தக் காயிலிலேயே) செருகி, அதன் இரும்பு உடம்பை என்ஜினின் பெயின்ட் இல்லாத இரும்பில் அழுத்தி உட்கார வையுங்கள். ஜம்பர் கேபிள் இருந்தால் ஒரு கிளிப்பைப் பிளக் உடம்பிலும் மறு கிளிப்பைப் பேட்டரி மைனஸிலும் மாட்டுவது இன்னும் நல்லது. கையால் பிடிக்கக்கூடாது. வயரை எதிலும் சேர்க்காமல் அந்தரத்தில் விட்டு செல்ஃப் அடிக்கவும் கூடாது. கரண்ட் போக வழியில்லாமல் காயிலின் உள்ளேயே பொத்துக்கொண்டு வெளியேறும். பழைய காலத்து மெக்கானிக்குகள் வயரை பானெட் ஓரத்தில் தட்டித் தட்டிப் பொறி பறக்கவிடுவார்கள். இசிஎம் உள்ள வண்டியில் அந்த வித்தை வேண்டாம்.

நிழலில், முடிந்தால் மாலை மங்கலில் பாருங்கள். டக் டக்கென்று சத்தத்தோடு நீலமாக அடித்தால் நல்ல ஸ்பார்க். மெல்லிய மஞ்சள் இழை என்றால் வெளியே அடிக்கும், உள்ளே அழுத்தத்தில் அடிக்காது. குறைந்தது இரண்டு சிலிண்டரில் பாருங்கள். ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாவிட்டால் அந்த ஒன்றின் காயில், வயர், கப்ளர் ஆகியவற்றோடு தேடல் முடிந்தது. எதிலுமே இல்லை என்றால் தொடர்ந்து படியுங்கள்.

6. டெல்கோ வண்டிக்கு மட்டும்

டெல்கோ மூடியைக் கழற்றி, செல்ஃப் அடிக்கச் சொல்லி உள்ளே ரோட்டர் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றவில்லை என்றால் ஸ்பார்க்கை மறந்துவிடுங்கள். டைமிங் பெல்ட் அறுந்திருக்கும், அல்லது டெல்கோவின் பல் போயிருக்கும். அதற்கு மேல் செல்ஃப் அடிக்கவே வேண்டாம். சில என்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

சுற்றினால், காயிலில் இருந்து மூடியின் நடுவுக்கு வரும் வயரைப் பிடுங்கி அதில் சோதனைப் பிளக்கைப் போடுங்கள். இங்கே ஸ்பார்க் இருந்து பிளக்கில் இல்லை என்றால் மூடி, ரோட்டர், வயர் மூன்றில் ஒன்று. மூடியின் உள்பக்கத்தைத் துணியால் துடைத்து, பென்சிலால் கிழித்தது போன்ற மெல்லிய கறுப்புக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கரண்ட் அந்த வழியாக ஓடி எர்த் ஆகிறது, மூடியை மாற்றத்தான் வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் பாதி வண்டிகள் வெறும் ஈரத்தால் நிற்கும். துடைத்து வெயிலில் அரை மணி நேரம் காயவைத்தால் போதும்.

நடு வயரிலும் ஸ்பார்க் இல்லை என்றால் பாயிண்டைப் பாருங்கள். முகம் கறுத்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, திறக்கும் இடைவெளியைச் சுமார் 0.4 மில்லிமீட்டருக்கு வையுங்கள். தேய்த்த இரண்டே நாளில் மறுபடி கருகினால் கண்டென்சரை மாற்றுங்கள்.

7. காயில் வரைக்கும் கரண்ட் வருகிறதா?

காயிலின் கப்ளரைக் கழற்றுங்கள். டெஸ்ட் லேம்ப் கிளிப்பைப் பேட்டரி மைனஸில் மாட்டி, சுவிட்சைப் போட்டு, கப்ளரில் உள்ள ஒவ்வொரு பின்னாகத் தொடுங்கள். இரண்டு பின், மூன்று பின், நாலு பின் காயில் எதுவானாலும் ஒன்றில் 12 வோல்ட் வந்தாக வேண்டும். சில வண்டிகளில் சுவிட்சைப் போட்டு இரண்டு விநாடிதான் வரும், பிறகு செல்ஃப் அடிக்கும்போது மறுபடி வரும். அதனால் அடித்தும் பாருங்கள். வரவே இல்லை என்றால் பியூஸுக்கும் காயிலுக்கும் நடுவில் வயர் அறுந்திருக்கிறது.

வருகிறது என்றால் அடுத்தது சிக்னல். கப்ளரில் இரண்டு பின் மட்டும் இருந்தால் கப்ளரைத் திரும்பச் செருகி, லேம்ப் கிளிப்பை இப்போது பேட்டரி பிளஸுக்கு மாற்றி, காயிலின் மைனஸ் பின்னைப் பின்பக்கமாகத் தொட்டுச் செல்ஃப் அடியுங்கள். லேம்ப் துடிக்க வேண்டும். துடித்தும் ஸ்பார்க் இல்லை என்றால் காயில் போய்விட்டது, தைரியமாக வாங்கலாம். துடிக்கவில்லை என்றால் காயில் நிரபராதி.

மூன்று, நாலு பின் உள்ள காயிலில் பெரும்பாலும் இக்னைட்டர் (காயிலைச் சேர்த்து விடும் எலக்ட்ரானிக் சுவிட்ச்) உள்ளேயே இருக்கும். அதற்கு இசிஎம் கொடுப்பது சுமார் 5 வோல்ட் சிக்னல் மட்டுமே. பல்பு லேம்பை அந்தப் பின்னில் வைத்தால் அது இழுக்கும் கரண்ட்டில் இசிஎம் கெடலாம். எல்இடி டெஸ்டரோ மல்டிமீட்டரோ மட்டும் பயன்படுத்துங்கள். இந்த ரகக் காயிலின் நல்லது கெட்டதை ஓம் அளந்து சொல்லவும் முடியாது. யாராவது அப்படி அளந்து "போயிடுச்சு" என்றால் நம்பாதீர்கள்.

8. கிராங்க் சென்சார்

என் கதை இங்கேதான் முடிந்தது. செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் கொஞ்சமாவது எழும்புகிறதா என்று பாருங்கள். எழும்பினால் நல்லது. சில வண்டிகளில் அவ்வளவு குறைந்த வேகத்தில் முள் ஆடாது. அதனால் ஸ்கேனரை மாட்டி, போனில் ஆர்பிஎம் எண்ணைப் பார்ப்பதுதான் சரி. செல்ஃப் வேகம் 150 முதல் 300 வரை காட்ட வேண்டும். என் வண்டியில் என்ஜின் கண் எதிரே சுற்றிக்கொண்டிருந்தது, திரையில் சுழியம்.

ஸ்கேனர் காட்டும் பழுதுக் குறியீட்டை (கோடு) பார்த்தால் பி0335 என்பது கிராங்க் சென்சார் சர்க்யூட், பி0340 கேம் சென்சார், பி0351 முதல் வருபவை காயில் சர்க்யூட். கோடு வந்ததால் அந்தப் பாகமே போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. அந்தப் பாகத்தின் வயரும் சேர்ந்ததுதான் சர்க்யூட். கோடு இல்லாததால் நல்லது என்றும் அர்த்தம் இல்லை. சில வண்டிகளில் செல்ஃப் மட்டும் அடித்தால் கோடு பதிவாகாது.

இரண்டு வயர் சென்சார் என்றால் கப்ளரைக் கழற்றி சென்சாரின் இரண்டு பின்னில் ஓம் அளக்கலாம். பெரும்பாலும் சில நூறில் இருந்து ஆயிரத்துச் சொச்சம் ஓம் இருக்கும். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துச் செல்ஃப் அடித்தால் அரை வோல்ட் அளவுக்காவது எழும்ப வேண்டும். மூன்று வயர் என்றால் ஹால் சென்சார், அதில் ஓம் அளக்கவே கூடாது. கப்ளரில் 5 அல்லது 12 வோல்ட் வருகிறதா, எர்த் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, சிக்னல் வயரைச் செல்ஃப் அடிக்கும்போது அளக்க வேண்டும்.

என்னுடையது இரண்டு வயர். சென்சாரிலேயே அளந்தபோது 860 ஓம் காட்டியது. சென்சார் நல்லது. பெரியவர் கப்ளரைத் திரும்பச் செருகிவிட்டு, இசிஎம் பக்கத்துக் கப்ளரைக் கழற்றி அதே இரண்டு வயரை அங்கே அளந்தார். மீட்டரில் ஓ.எல். என்று வந்தது. "நடுவுல அத்துருக்கு" என்று சொல்லிவிட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஹார்னஸை (வயர்க் கட்டை) ஒரு முழம் ஒரு முழமாகத் தடவிக்கொண்டே போனார். கியர் பாக்ஸுக்கு மேலே, பேட்டரித் தட்டுக்கு அடியில் கை நின்றது. தேங்காய் நாரும் வேர்க்கடலைத் தோலும் சேர்த்து ஒரு கூடு. அதற்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் குழாய் பல் வரிசையாகக் கொறிக்கப்பட்டு, உள்ளே ஒரு வயர் முழுதாக அறுந்தும் மற்றது ஒற்றை இழையில் தொங்கியும் கிடந்தது.

ஒட்டும்போது இரண்டு வயரையும் மாற்றிப் போட்டுவிடக் கூடாது. இந்தச் சென்சாரில் பிளஸ் மைனஸ் புரண்டால் சிக்னல் தலைகீழாகப் போய், வண்டி பிடிக்காது அல்லது தாறுமாறாக வெடிக்கும். நிறம் பார்த்து, சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடுங்கள். வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த மழைக்கு மறுபடி நிற்கும்.

இன்னொரு சிக்கல். வண்டி சூடானால் மட்டும் நின்று, அரை மணி நேரம் ஆறினால் தானாகப் பிடிக்கிறது என்றால், அதுவும் அடிக்கடி கிராங்க் சென்சாரோ காயிலோதான். ஆறிய பிறகு அளந்தால் எல்லாமே சரியாகக் காட்டும். நின்ற இடத்திலேயே, சூட்டோடு சோதிக்க வேண்டும். மீட்டரை வீட்டில் வைக்காமல் டிக்கியில் போட்டு வையுங்கள்.

9. "இசிஎம் போயிடுச்சு" என்று யாராவது சொன்னால்

எப்படித் தெரியும் என்று கேளுங்கள். இசிஎம்முக்கு 12 வோல்ட் வருகிறது, எர்த் நன்றாக இருக்கிறது, கிராங்க் சிக்னல் இசிஎம் கப்ளர் வரை வருகிறது, இம்மொபிலைசர் சாவியை ஏற்றுக்கொள்கிறது, ஆனாலும் காயிலுக்குச் சிக்னல் போகவில்லை. இந்த ஐந்தையும் அளந்து காட்டினால்தான் அந்தப் பேச்சு. இசிஎம் மாற்றுவது பெட்டியை மட்டும் மாற்றுவதும் இல்லை. பல வண்டிகளில் சாவிகளோடு மறுபடி இணைக்க வேண்டும். அதற்கு இரண்டு சாவியும், ஆர்.சி. நகலும், உங்கள் அடையாள அட்டையும் பெரும்பாலும் கேட்பார்கள். சாவி தொலைந்திருந்தால் போலீஸ் புகார் நகலும் கேட்கலாம். ஆள், சாதனம் எல்லாம் கிடைத்துச் செய்து முடிக்க இரண்டு மூன்று நாள் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

10. பாகம் வாங்கப் போகும்போது

ஆர்.சி. நகலை எடுத்துக்கொண்டு போங்கள். 17 எழுத்துச் சேசிஸ் எண்ணையும் தயாரித்த மாதம், வருடத்தையும் வைத்துத்தான் சரியான பாக எண்ணை எடுக்க முடியும். ஒரே மாடல் காரில், வருடம் மாறியதும் சென்சாரின் கப்ளர் மாறியிருப்பது சகஜம். கழற்றிய பழைய பாகத்தையும் கையோடு கொண்டுபோய் பின்னுக்குப் பின் ஒப்பிட்டுப் பாருங்கள். சென்னையில் புதுப் பாகத்துக்கு ஜி.பி. ரோடு, பழைய சாமான் என்றால் புதுப்பேட்டை. பழைய காயில் வாங்கலாம், பழைய சென்சார் வாங்காதீர்கள். அதன் ஆயுள் யாருக்கும் தெரியாது.

பில்லின் அடியில் சின்ன எழுத்தில், "எலக்ட்ரிகல் பொருள்கள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பல கடைகளில் அச்சடித்தே வைத்திருப்பார்கள். என் 4,600 அந்த ஒரு வரியில் போயிற்று. பட்டறையில் வேலை கொடுக்கும் முன், "எதை அளந்தீங்க, எவ்வளவு காட்டிச்சு?" என்று கேட்டு, அதை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாரண்டி பேச முடியாது.

11. இன்சூரன்ஸ்

சாதாரணமாகத் தேய்ந்து போனது, எலக்ட்ரிகல் கோளாறு இவற்றுக்கு நம் ஊர் கார் பாலிசியில் பணம் வராது. எலி கடித்ததைச் சில கம்பெனிகள் ஏற்கின்றன. அதனால் எலிக்கூட்டையோ பல் தடத்தையோ பார்த்ததும் கையை எடுங்கள். போட்டோ எடுத்து, கம்பெனிக்குப் போன் செய்து, அவர்கள் சொன்ன பிறகு பிரியுங்கள். முதலில் ஒட்டிவிட்டுப் பிறகு கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. வயர் ஒன்று ஒட்ட 600 ரூபாய்தான் என்றால் கிளைம் போடாமல் விடுவதே லாபம். நோ கிளைம் போனஸ் அதைவிடப் பெரிது. ஹார்னஸ் முழுதும் மாற்ற வேண்டும் என்றால் கேளுங்கள். பாலிசியில் ரோட் சைட் அசிஸ்டன்ஸ் இருந்தால் டோ வண்டிச் செலவு மிச்சம். அந்த எண்ணைப் போனில் இப்போதே சேமித்து வையுங்கள்.

12. சரியான பிறகு

பம்ப் ரிலேவைத் திரும்பப் போட மறக்காதீர்கள். நான் மறந்தேன், மறுபடி ஐந்து நிமிஷம் வயிறு கலங்கியது. சிலிண்டரில் பெட்ரோல் தேங்கியிருந்தால் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான இன்ஜெக்டர் வண்டிகளில் அப்போது பெட்ரோல் நின்று, காற்று மட்டும் போய் உலரும். பிடித்ததும் கொஞ்சம் கறுப்புப் புகை, பெட்ரோல் நாற்றம் வரும். இரண்டு நிமிஷத்தில் அடங்கிவிடும். ஸ்கேனரில் பழைய கோடை அழித்துவிட்டு ஒரு சுற்று ஓட்டி, மறுபடி வருகிறதா என்று பாருங்கள்.

எலிக்குப் புகையிலைக் கட்டு தொங்கவிடச் சொன்னார்கள். வாசனை இருந்த ஒரு வாரம் வரவில்லை, அப்புறம் வந்தது. இப்போது ஊருக்குப் போனால் எதிர்வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை வண்டியைக் கிளப்பி வைக்கச் சொல்கிறேன். கழற்றிய பழைய காயில் பேக் என் டிக்கியில்தான் கிடக்கிறது. போன மாதம் ஒரு நண்பரின் வண்டியில் அதை மாட்டிப் பார்த்தோம். நாலு பிளக்கிலும் நீலமாக அடித்தது.